லியு டாக்டர் மகளின் நேர்காணல்

ஹெப்சிபா அப்பாவின் தாடையைத் தூக்கிப் பிடித்து, தலையைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டி முடிச்சுப் போட்டாள். கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆள் மாதிரியே கிடந்தார் லியு டாக்டர். பக்கத்தில் நின்ற டீக்கடை மொக்கைச்சாமிக்குச் சிரிப்பு வந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்து அவளுக்கும் வந்துவிட்டது. விடிகாலையிலிருந்து அழுத அழுகைக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

டாக்டர் எட்டு வயதில் சீனாவிலிருந்து தகப்பனோடு கப்பலேறி வந்தவர். விளாங்குடியில் முப்பது வருஷமாகப் பல் பிடுங்கி, பல் கட்டி, மதுரைத் தமிழில் ஆட்களைத் திட்டிக் காலம் தள்ளினார். பட்டம் கிடையாது, தகப்பன் கற்றுக்கொடுத்த தொழில். தாயில்லாத ஒரே மகளைப் பல் டாக்டருக்குப் படிக்க வைத்தார். அதோடு விட்டாரா? மேற்படிப்புக்கு அமெரிக்காவில் இடமும் வாங்க வைத்தார். நாளைக் காலை சென்னையில் விசா நேர்காணல். இன்றைக்குப் பார்த்து அவர் நெஞ்சு நின்றுவிட்டது.

"நான் போகலை மாமா," என்றாள்.

"போகாம? இதை விட்டா சீட்டுப் போயிரும்னு டாக்டரே சொன்னாரு. மூணு மணிக்குள்ள அடக்கத்த முடிச்சிருவோம், சாயந்தரம் ரயிலு. நாங்க எம்புட்டு நாளாப் படிச்சிருக்கோம்," என்றார் மொக்கைச்சாமி.

படித்தது உண்மைதான். ஆறு மாதமாக, பல் காட்ட வந்தவர்களின் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டே டாக்டர், தன் மகளிடம் நேர்காணல் கேள்விகளை இங்கிலீஷில் கேட்பார். மூலையில் பல்லச்சு வார்த்தபடி அவள் பதில் சொல்வாள். தடுமாறினால் கோபம் டாக்டருக்கு; வலி நாற்காலியில் இருப்பவருக்கு. அதனால் பதில்கள் தெருவுக்கே மனப்பாடம்.

பெண்பிள்ளை மயானத்துக்கு வரலாமா என்று யாரோ முணுமுணுத்ததை ஒருவரும் சட்டை செய்யவில்லை. வைகைக் கரைக்குக் கொட்டோடு போகும்போதே மொக்கைச்சாமி ஆரம்பித்துவிட்டார். "ஒய் அமெரிக்கா?"

அவள் முறைத்தாள்.

"பதில் சொல்லும்மா. அப்பா கேட்டுக்கிட்டேதான் வாராரு," என்றார் பக்கத்து வீட்டு அற்புதமேரி டீச்சர். அவளுக்குப் பேர் வைத்தவரே அவர்தான்.

சொன்னாள். ஆளுக்கொன்று கேட்டார்கள். கொட்டுக்காரர்கூட அடியை நிறுத்தி ஒன்று கேட்டார்.

மண் தள்ளிவிட்டு வந்து குளித்தவள், பெட்டியைத் தொடாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா?"

"ஒரு கேள்விய யாருமே கேக்கலையே டீச்சர். படிச்சிட்டுத் திரும்பி வருவியா, ஊர்ல உனக்கு யாரு இருக்கான்னு கேப்பாங்க. எங்கப்பா இருக்காருன்னு சொல்லச் சொன்னாரு. இனி என்ன சொல்ல?"

பூக்கார ராமக்காள்தான் எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். போன வாரம்தான் டாக்டர் அவளுக்கு மேல்வரிசைப் பல் கட்டி மாட்டியிருந்தார். கீழே வெறும் ஈறு.

"மேல கட்டியாச்சு, கீழ பாக்கி கெடக்கு. நீ வந்து கட்டுற வரைக்கும் நான் வேற யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். அதப் போய் அந்தத் தொரைகிட்டச் சொல்லு."

"ரெண்டு வருஷம் ஆகும் அத்தை."

"கஞ்சி குடிச்சுக்கிறேன்."

ஹெப்சிபா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ராமக்காளின் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, "ஆ காட்டுங்க," என்றாள். கீழ் ஈறை ஓரத்திலிருந்து ஓரம் வரை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். மொக்கைச்சாமி பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்.