யாரும் வராத பக்கம்

விசாரணைக்குப் போக வேண்டிய அன்று காலையிலும் பல்லுக்காரர் வேலையை விடவில்லை. யாரோ ஒருவருடைய கீழ்த்தாடைக்கு மெழுகில் பல் நட்டுக்கொண்டிருந்தார். கடைவாய்ப் பல் ஒன்று நேராக நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. "நீயுமா?" என்று அதைக் கேட்டார். தனியாக இருக்கிறவர்களுக்குப் பேச எதுவும் ஆகும்.

பல்லுக்காரர் என்றதும் டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்பிவைப்பார்கள். இவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்து திருப்பி அனுப்புவார். ஊரில் பாதிக் கிழடுகள் இவர் செய்த பல்லால்தான் மென்றுகொண்டும் சிரித்துக்கொண்டும் மருமகளைத் திட்டிக்கொண்டும் இருந்தார்கள். அந்த வாய்களில் ஒன்றைக்கூட இவர் நேரில் பார்த்ததில்லை. அச்சு கூரியரில் வரும், பல் கூரியரில் போகும், அவ்வளவுதான் உறவு.

வீடு முனை வீடு. வாசல் சின்னச் சந்துக்குள் இருந்தது. பெரிய தெருப் பக்கம் இருந்ததெல்லாம் கதவோ ஜன்னலோ இல்லாத நீளமான சுவர் மட்டும்தான். மாநகராட்சி போன வருஷம் அந்தப் பெரிய தெருவைத் தோண்டி, வடிகால் போட்டு, தார் போட்டு, நடைபாதையும் விளக்கும் வைத்து, ஓரமாக வண்டி நிறுத்த வெள்ளைக் கோடும் கிழித்துவிட்டுப் போனது. தெரு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் நோட்டீஸ் வந்தது. செலவில் ஒரு பகுதியைத் தெருவில் சொத்து வைத்திருப்பவர்கள் கட்ட வேண்டுமாம். மேம்பாட்டுக் கட்டணம் என்று அதற்குப் பெயர். தெருவைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீளத்துக்குத் தகுந்தபடி பங்கு. தெருவிலேயே நீளமானது இவருடைய சுவர். ஆக, அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத மனிதர் தலையில்தான் பெரிய பங்கு விழுந்தது.

அவ்வளவு பணம் அவரிடம் இல்லை. தவணையில் கட்டலாம் என்றார்கள். தவணைக்கும் வழி ஒன்றுதான் இருந்தது, உள்ளறையை வாடகைக்கு விடுவது. உள்ளறை மகளுடையது. கல்யாணமாகி எங்கோ தூரத்து ஊரில் இருக்கிறாள். அம்மா போனபோது வந்தவள்தான். ஆனாலும் அந்த அறையை அவர் வாராவாரம் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டில் விரிப்பை யாரும் படுத்துக் கசக்காமலே மாற்றினார். பேத்தி வந்தால் ஜன்னல் அவளுக்கு எட்டாது என்று அதற்குக் கீழே ஒரு முக்காலி போட்டு வைத்திருந்தார். வீட்டில் எது போனாலும் அந்த அறை மட்டும் போகக் கூடாது என்பது அவர் முடிவு.

தெருக்காரர்களை ஒன்று சேர்த்து மேல்முறையீடு போட வைத்தது மருந்துக்கடைக்காரர். விதிகளைக் கரைத்துக் குடித்திருந்தார். எந்தச் சொத்துக்கு இந்த வேலையால் பயன் உண்டோ அதற்குத்தான் கட்டணம், பயன் இல்லை என்று நிரூபித்தால் தள்ளுபடி. விசாரணை அன்று எல்லாரையும் ஒரு வேனில் ஏற்றி அழைத்துப் போனவரும் அவர்தான்.

"அண்ணே, நம்மள்ல உங்க கேஸ்தான் ஸ்ட்ராங்கு," என்றார் வேனில். "எங்களையாவது மடக்கி மடக்கிக் கேப்பாங்க. உங்களை ஒண்ணும் பண்ண முடியாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்."

பல்லுக்காரர் தலையாட்டினார். பக்கத்தில் ஆட்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கும்பலாகக் கிளம்பி எங்கேயாவது போய் எத்தனை நாளாயிற்று. போவது வம்பு வழக்குக்கு என்பதுகூடக் கொஞ்ச நேரம் மறந்துபோயிருந்தது.

விசாரணை அறையில் நீள மேஜைக்குப் பின்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவர்தான் அதிகாரி. பக்கத்தில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு இன்ஜினியர். ஏசியிலிருந்து ஒழுகிய தண்ணீருக்கு மூலையில் வாளி வைத்திருந்தார்கள். அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை. எல்லாரிடமும் மரியாதையாகக் கேட்டார், மரியாதையாகவே கவிழ்த்தார். மருந்துக்கடைக்காரரிடம், "கடைக்கு வர்றவங்க இப்ப வண்டியை எங்க நிறுத்துறாங்க?" என்று கேட்டார். கரைத்துக் குடித்த விதிகள் அவர் தொண்டையிலேயே நின்றுவிட்டன. அடுத்து பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சர். பிள்ளைகள் முன்பு மழையில் எப்படி வருவார்கள் என்று கேட்டதுதான் தாமதம், "ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க மேடம், ஒரே சேறு. இப்பதான் ஷூ நனையாம வருதுங்க," என்று சொல்லிவிட்டு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். மாடி வீட்டுக்காரருக்கும் அதே கதிதான். சொந்தபந்தம் வாராவாரம் காரில் வந்து இறங்குகிறது, அவர் என்ன சொல்ல முடியும்?

பல்லுக்காரர் முறை வந்தது. இன்ஜினியர் வரைபடத்தைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "இந்தப் பக்கம் வாசலே இல்லை மேடம்."

"உங்களுக்கு வண்டி ஏதாவது இருக்கா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லைங்க."

"வீட்டுக்கு வர்றவங்க நிறுத்துவாங்களே?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மருந்துக்கடைக்காரர் எழுந்துவிட்டார். தன் கேஸ் போனாலும் இவரையாவது கரையேற்றிவிட வேண்டும் என்கிற வேகம். "அவர் வீட்டுக்கு யாரு மேடம் வர்றா? ஒரு ஈ காக்கா வராது."

"ஆமா மேடம்," என்று டீச்சரும் சேர்ந்துகொண்டார். "நான் பக்கத்து வீடுதான். அவர் வீட்டு பெல் அடிச்சாலே கூரியர்தான்னு எங்களுக்குத் தெரியும். பாவம், பேச்சுச் சத்தமே கேக்காது. டிவியைப் போட்டு விட்டுக்குவாரு."

"ஒரு தடவை காய்ச்சல்ல படுத்துக் கிடந்திருக்காரு," என்றார் மாடி வீட்டுக்காரர். "எழுந்து வந்து அவரே சொன்னப்புறம்தான் எங்களுக்குத் தெரியும்."

எல்லாம் நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டு, தங்களுக்குக் கிடைக்காததை அவருக்காவது வாங்கித்தரப் பார்த்தார்கள். பல்லுக்காரர் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அவமானமாக இருந்தது. இதெல்லாம் யாருக்கும் தெரியாது என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தார். டிவி சத்தம் வெளியே போனால் வீட்டில் ஆள் இருப்பதுபோல இருக்கும் என்றுதான் போட்டு வைப்பார். மருந்துக்கடைக்குப் போகும்போதெல்லாம், "பொண்ணு அடுத்த மாசம் வர்றா," என்று சொல்லி வைப்பார். மருந்துக்கடைக்காரரும், "அப்படியா, நல்லது அண்ணே," என்று மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார். நம்பித்தான் சொல்கிறார் என்று நினைத்திருந்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்.

"பிள்ளைங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"ஒரே பொண்ணு, தூரத்துல இருக்கு," என்று அதற்கும் மருந்துக்கடைக்காரரே பதில் சொன்னார். "அவங்க அம்மா காரியத்துக்கு வந்ததோட சரி மேடம். இனிமே எங்க..." சொல்லிக்கொண்டு வந்தவர் பல்லுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்க வேண்டும். "ஐயா, இதை நீங்கதான் சொல்லணும். தள்ளுபடி குடுக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தப் பக்கமா இப்பவும் உங்களுக்கு யாரும் வர்றதில்லை, இனிமேலும் வரப்போறதில்லைன்னு எழுதிக்கலாமா?"

ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறை தப்பிக்கும். விரிப்பும் முக்காலியும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தது. தெருவே அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இல்லைங்க," என்றார் பல்லுக்காரர். "வருவாங்க."

"யாரு?"

"என் பொண்ணு. மாப்பிள்ளை, பேத்தி எல்லாரும் வருவாங்க. கார்லதான் வருவாங்க. சந்துக்குள்ள கார் நுழையாது. அந்தச் சுவரோரமாத்தான் நிறுத்தணும்."

இன்ஜினியர் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கினார். "யோசிச்சுச் சொல்லுங்க ஐயா," என்றார் அந்த அம்மா மெதுவாக.

"யோசிச்சுட்டேங்க."

 திரும்பி வரும்போது வேனில் மருந்துக்கடைக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஆமான்னு ஒரு வார்த்தையோட நிறுத்தியிருந்தா போதுமே அண்ணே! ஊர் வாய்க்கெல்லாம் பல்லு கட்டுறீங்க, உங்க வாயை ஒரு நிமிஷம் கட்டி வைக்க முடியலையே!" திட்டிவிட்டுத் தானே முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சர் முன்சீட்டிலிருந்து திரும்பி, "நாங்க அப்படியெல்லாம் பேசியிருக்கக் கூடாது சார்," என்றார்.

"சேச்சே. உள்ளதைத்தானே சொன்னீங்க," என்றார் அவர்.

சாயங்காலம் மகளுக்குப் போன் செய்தார். குக்கர் சத்தத்துக்கு நடுவில் அவள், "என்னப்பா ஆச்சு, தள்ளுபடி பண்ணாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. யாருக்குமே கிடைக்கலை."

"அநியாயம்ப்பா. அந்தத் தெருப் பக்கம் வாசலே இல்லையே, அதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன், சொன்னேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "உன் ரூமை வாடகைக்கு விடலாமான்னு பாக்குறேன்."

வேண்டாம் என்று அவள் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தார். ஒரு நொடி தயங்கினாலும் போதும் என்றுதான் இருந்தது.

"தாராளமா விடுங்கப்பா. சும்மாதானே கிடக்கு," என்றாள் மகள். "உங்களுக்கும் ஒரு துணையா இருக்கும். நான் அப்புறமா கூப்பிடுறேன், இவ அழறா."

போனை வைத்த பிறகு அந்த அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். விரிப்பு கசங்கியது. கசங்கட்டும் என்று உட்கார்ந்தே இருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அறை பார்க்க ஒரு பெண் வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மகளைவிடச் சின்னவள். வரிசையாக உலர்ந்துகொண்டிருந்த பற்களைப் பார்த்து முதலில் மிரண்டாள், பிறகு சிரித்துவிட்டாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள், ஜன்னலைத் தள்ளிப் பார்த்தாள். முக்காலியைக் காட்டி, "இது இருக்கட்டும், பை வச்சுக்கலாம்," என்றாள். வாடகை படிந்தது. கிளம்பும்போதுதான் ஞாபகம் வந்தவளாக, "அங்கிள், என்கிட்ட ஒரு பழைய கார் இருக்கு. இங்க எங்க விடுறது?" என்று கேட்டாள்.

"பெரிய தெருவுல, நம்ம சுவரோரம் விட்டுக்கலாம்மா. கோடு போட்டிருக்கு."

"வேற யாரும் விட மாட்டாங்களே? அப்புறம் சண்டைக்கு வரப்போறாங்க."

"அதெல்லாம் யாரும் வர மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு, அவர் சற்று நின்றார்.

மறுநாள் சாமான்களோடு வந்தாள். அவர் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பெரிய தெருவுக்கு வந்து, தன் வீட்டுச் சுவரைப் பல வருஷங்களுக்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து நின்று பார்த்தார். சுண்ணாம்பு உரிந்து கிடந்தது. அவள் சுவரின் நடுவாகக் காரை நிறுத்திவிட்டு இறங்கப் போனாள். பல்லுக்காரர் கையை அசைத்துக்கொண்டே கிட்டே போனார்.

"கொஞ்சம் முன்னாடி தள்ளிப் போட்டுக்கோம்மா."

"ஏன் அங்கிள், இடம்தான் நிறைய கிடக்கே?"

"இல்லம்மா, இன்னும் கொஞ்சம் முன்னாடி போ. பின்னால இன்னொரு கார் நிக்கிற மாதிரி இருக்கட்டும்."

அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்து, சுவர் முடிகிற இடம் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினாள். அவர் நடந்து வந்து பார்த்தார். வெள்ளைக் கோட்டுக்குள் ஒரு கார் தாராளமாக நிற்கிற அளவுக்குப் புதுத் தார் காலியாகக் கிடந்தது. அதன் மேல் யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு காகித டம்ளரைக் குனிந்து எடுத்துக்கொண்டார்.