முதல் அத்தியாயத்து அப்பா

"நிறுத்து, நிறுத்து. படகுல யாரு?" என்றார் அப்பா.

அவள் படித்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஜன்னலோரக் கட்டிலில் இரண்டு தலையணைகளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். இனிமேல் காது மட்டும்தான் தன்னுடையது என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தெரியலப்பா. தூரத்துல ஒரு படகு தெரியுது. அவ்வளவுதான் போட்டிருக்கு."

"அப்பன்தான்."

"எந்த அப்பன்?"

"அந்தப் பொண்ணோட அப்பன். வேற எவன் அவளைத் தேடி இவ்வளவு தூரம் வருவான்?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான நாவல் அது. ஒரு தீவு, கப்பல் உடைந்து அங்கே ஒதுங்கிய ஒரு சிறுமி, ஒரு நொண்டி ஆடு. மாலை நேர எழுத்து வகுப்பில் ஆசிரியை படிக்கச் சொல்லியிருந்த புத்தகங்களில் ஒன்று. பகலெல்லாம் பார்சல் ஆபீசில் எடை போட்டுச் சீட்டு ஒட்டிவிட்டு, பஸ்ஸில் வரும்போது அட்டை வெளியே தெரியாமல் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினாள். இந்த வயதில் இதையா என்று யாராவது பார்ப்பார்கள் என்ற கூச்சம். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு தனியாகப் படிக்க நேரம் கிடைக்கவில்லை. அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட ஆரம்பித்தாள்.

சலூனில் நின்றே காலம் கழித்தவர். கத்தரியை நிறுத்தினாலும் பேச்சை நிறுத்தியதில்லை. அவருக்குக் கதை படிப்பது லேசான காரியமாக இருக்கவில்லை. இதற்கு முந்தைய புத்தகத்தில் ஒரு சிறுவன் காட்டில் தொலைந்தபோதும் அப்படித்தான்.

"இந்தப் பையன் காட்டுக்குள்ள போய் மூணு மாசம் ஆச்சு. முடி கண்ணுல விழாதா? யாரு வெட்டிவிட்டது?"

"அதெல்லாம் கதையில வராதுப்பா."

"வராதுன்னா? முளைக்கிறது முளைக்கும்ல?"

அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அவள் கண் பிள்ளைகளின் தலைக்குத்தான் போனது. கடலைத் தாண்டினார்கள், கொள்ளையரைப் பிடித்தார்கள். ஒருவரும் முடி வெட்டிக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் அவர்தான் முதலில் கவனித்தார். "ஏன் இந்தக் கதை எழுதறவனுங்க எல்லாரும் முதல் அத்தியாயத்துலயே அப்பன் ஆத்தாளைத் தீர்த்துடறானுங்க?"

"அவங்க கூட இருந்தா கதை நடக்காதாம். பிள்ளைங்க தானா எதையும் செய்யாதாம். டீச்சர் சொன்னாங்க."

"உனக்குந்தான் சின்னதுல இருந்து அம்மா இல்ல. நீ எந்தத் தீவுக்குப் போன?"

"பார்சல் ஆபீசுக்குப் போனேன்."

அவர் சிரித்த சிரிப்பு இருமலாக மாறி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அவளுக்கு எதையும் பிரித்து அடுக்கிப் பார்த்தால்தான் புரியும். பத்துப் பன்னிரண்டு வயதுக்கான கதைகளில் பிள்ளை வீட்டை விட்டுப் போகும், எப்படியும் திரும்பி வரும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பதினாறு வயதுக்கானவற்றில் திரும்பி வந்தாலும் அது பழைய வீடாக இருக்காது. இதைக் கண்டுபிடித்தபோது சந்தோஷமாக இருந்தது. எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் தான் தாமதமாகக் கண்டுபிடித்திருக்கிறோம் என்று மறுநாளே தோன்றிவிட்டது.

அவள் எழுதிய கதை முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. இரவல் சைக்கிளில் ஊரை விட்டுக் கிளம்பும் ஒரு சிறுமி. ஒவ்வொரு முறை எழுதும்போதும் அவளுடைய அப்பா வாசலுக்கு வந்துவிடுவார். சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார். ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்பார். சிறுமி தெருமுனையைக்கூடத் தாண்டமாட்டாள். "இந்த அப்பாவை முதல்ல அனுப்பிடுங்க. ஜுரமோ விபத்தோ, ஒரு வரி போதும்" என்று சொல்லியிருந்தார் ஆசிரியை. அந்த ஒரு வரிதான் வரவில்லை. எழுத்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை, தனக்கு வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த எரிச்சலில்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"அப்பா, அந்தப் பொண்ணோட அப்பா முதல் அத்தியாயத்துலயே செத்துட்டாரு. கப்பல் உடைஞ்சப்பவே. நான் படிச்சேனே. நீங்க தூங்கிட்டீங்க."

"உடம்பு கிடைச்சுதா?"

"அலை அடிச்சிட்டுப் போயிடுச்சு."

"கிடைக்கல இல்ல? அப்புறம் என்ன? சும்மா இரு."

"அவர் இல்லப்பா. தெளிவா போட்டிருக்கு. செத்துட்டாரு."

அப்பா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"கொஞ்சம் பால் சூடு பண்ணிக் குடு" என்றார்.

அவள் சமையலறைக்குப் போனாள். அவர் போனில் யாருடனோ மெல்லப் பேசுவதும் நடுவே இருமுவதும் கேட்டது. அண்ணனாக இருக்கும் என்று நினைத்தாள். பாலை ஆற்றிக்கொண்டு வந்தபோது தூங்கியிருந்தார். டம்ளரைத் தட்டால் மூடி வைத்தாள். பிறகு, அவர் இல்லாமல் ஒரு வரிகூட முன்னால் போகக்கூடாது என்று அவர்களுக்குள் இருந்த பேச்சை மீறி, மனதுக்குள் படித்துக்கொண்டே போனாள். படகில் வந்தது ஒரு உப்பு வியாபாரி. சிறுமியை ஏற்றிக்கொண்டு போய் அத்தை வீட்டில் விட்டான்.

'பாத்தீங்களா, வேற ஆளு' என்று சொல்லத்தான் நிமிர்ந்தாள். போர்வை அசையவில்லை. தட்டை எடுத்துப் பார்த்தபோது பாலில் ஆடை படிந்திருந்தது. எதற்காகத் தட்டை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை கூடத்தில் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. வெளியூரிலிருந்து வந்த அண்ணன் வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான். அப்பாவோடு சலூனைப் பங்காக நடத்தி, அவரை அண்ணன் என்றே கூப்பிட்டு வந்தவர் தன் பெட்டியோடு நேராக உள்ளே வந்தார். உயரத்தால் ஊருக்கே நெட்டை. அவளுக்கு நெட்டை மாமா.

"இந்தத் தாடியோட அண்ணனை அனுப்பமாட்டேன். கடைக்குக் கெட்ட பேரு. வெந்நீர் வை பாப்பா."

அவள் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கட்டிலருகே நின்றாள். நெட்டை நுரையைக் குழைத்துத் தடவினார். இரண்டு விரலால் தாடையைத் திருப்பினார். "இறுக்காதீங்கண்ணே" என்று பழக்கத்தில் சொன்னார். கத்தியைக் கன்னத்தில் இறக்கினார்.

"பாப்பா, நேரங்கெட்ட நேரத்துல கேக்கறேன்னு நினைக்காத. அந்த அப்பன் பொண்ணைக் கண்டுபிடிச்சுட்டானா?"

"எந்த அப்பன் மாமா?"

"அதான், தீவு, நொண்டி ஆடு. அண்ணன் தினமும் போன்ல சொல்வாரே. நான் கடையில சொல்வேன். முடியே இல்லாத ஆளெல்லாம் வந்து உக்காந்து கேட்டுட்டுப் போறான். பலகையைப் பிடிச்சு நீந்திக் கரையேறினான், துறைமுகத்துல முடி வெட்டிக் காசு சேத்தான், படகு வாங்கினான், அதுவரைக்கும் ஆயிடுச்சு."

"முடி வெட்டினாரா?"

"பின்ன? படகு சும்மாவா வரும்? ஏன், புத்தகத்துல அப்படி இல்லையா?"

புத்தகத்தில் அந்த மனிதருக்கு நாலு வரிதான். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா எப்ப மாமா பேசினாரு?"

"நேத்து மத்தியானந்தான். 'டேய், படகு கண்ணுக்குத் தெரிஞ்சுடுச்சுடா. எங்க வீட்டுப் பாப்பா நம்பமாட்டேங்குறா, அவ கெடக்கா'ன்னு ஒரே சிரிப்பு. பால் வருது, வைக்கிறேன்னாரு."

"சிரிச்சாரா?"

"உனக்குத் தெரியாதா அந்தச் சிரிப்பு? இருமி முடிக்கிற வரைக்கும் காதுல போனை வச்சிட்டு நின்னேன்."

"ஆச்சா மாமா?" என்று கூடத்திலிருந்து அண்ணன் கேட்டான்.

"இரு தம்பி. அவசரப்படுத்தினா கீறிடும்."

நெட்டை கத்தியைக் கிண்ணத்தில் அலசினார். அவள் பதிலுக்காகக் காத்திருந்தார். புத்தகம் அவர் தலைக்குப் பின்னால் அலமாரியில், பஸ் டிக்கெட் செருகியபடி இருந்தது.

"படகு கிட்ட வந்துடுச்சு மாமா" என்றாள். "கரைக்கு இன்னும் வரல. அந்தப் பக்கமெல்லாம் பாறை. சுத்திக்கிட்டுத்தான் வரணும்."

"பாறைன்னா அப்படித்தான். மெதுவா வரட்டும்." மேலுதட்டுக்கு மேல் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்தார். "அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா, வர்றது யாருன்னு?"

"இல்ல. ஆடுதான் முதல்ல பாத்துச்சு."

"நினைச்சேன்" என்றார் நெட்டை.

ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்து, காதுமடலில் இருந்த நுரையை எடுத்து, பவுடர் போட்டுத் தலையை வாரினார். பிறகு பெட்டியிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். இடப்பக்கம் சாய்த்தார். வலப்பக்கம் சாய்த்தார். கடையில் செய்வதுபோல் தலையசைப்புக்காக நின்றார்.

கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். கிருதா சமமாக இருந்தது. நெட்டையைப் பார்த்துத் தலையாட்டினாள்.