பர்மாவுக்குப் போன தனிப்பானை

"ஏலே கூத்தையா, வெளிய வா!"

கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த முருகம்மாளின் கை அப்படியே நின்றது. மேலத்தெருக் குருநாதன் கீழத்தெருவுக்கு வந்திருக்கிறார். மேலத்தெருவிலிருந்து ஒருவர் இங்கே வருகிறார் என்றால் ஆடு காணாமல் போயிருக்க வேண்டும், இல்லை வேலிப் படலாவது காணாமல் போயிருக்க வேண்டும்.

"என்னய்யா செஞ்ச?" என்று புருஷனிடம் கிசுகிசுத்தாள்.

"ஒண்ணும் செய்யல. அதான் பயமா இருக்கு" என்றபடி கூத்தையா வெளியே வந்தான்.

குருநாதன் தெருமுனைப் பனைமரத்துக்கு அந்தப் பக்கமே குடையோடு நின்றார். தீட்டு எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்பது அவர் கால் கட்டைவிரலுக்குத் தெரியும்.

"நாளைக்கு சோல்ஜர் போர்டு ஆபீசர் வாராரு. பட்டாளத்துல இருந்தவனுக்குச் சர்க்கார் அஞ்சு ஏக்கர் குடுக்குதுல்ல, அதுக்கு விசாரணை. என் டிஸ்சார்ஜ் காயிதத்தைக் கரையான் தின்னுருச்சு. கூட இருந்தவன் ஒருத்தன் அடையாளம் சொல்லணுமாம். தேவிபட்டினத்துச் சலாஹுதீன் பினாங்குக்குக் கப்பலேறிட்டான். மிச்சம் நீ ஒருத்தன்தான்."

"சொல்லிட்டாப் போச்சுங்கய்யா. பர்மாவுல, அரக்கான் காட்டுல நீங்க..."

"காடெல்லாம் வேணாம்!" குடை ஒரு ஆட்டம் ஆடியது. "இவரைத் தெரியுமான்னு கேப்பாரு. தெரியும்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வரப்படாது."

ஏன் வரப்படாது என்பதற்கு எட்டு வருஷத்துக் கதை ஒன்று உண்டு. யுத்தம் முடிந்து குருநாதன் ஊர் திரும்பிய அன்றே, கண்டவன் கையில் வாங்கித் தின்றாயா என்று மேலத்தெருப் பெரியவர்கள் கேட்டார்கள். பர்மாவில் மூன்று வருஷமும் தனிப்பானையில் தன் கையாலேயே பொங்கித் தின்றதாகக் கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார் அவர். அதற்குப் பிறகு அந்தப் பானை வருஷா வருஷம் வளர்ந்தது. முதலில் மண்பானையாக இருந்தது, சுதந்திரத்துக்குப் பிறகு வெண்கலமானது. போன பொங்கலுக்கு ஜப்பான்காரன் குண்டு ஒன்று அதில் பட்டுத் தெறித்துப் போனது.

மூன்று வருஷமும் குருநாதன் இருந்த பட்டாளக் கம்பெனிக்கே பொங்கிப் போட்டவன் கூத்தையா. பட்டாளத்துச் சமையல்கட்டை லங்கர் என்பார்கள். லங்கர் வரிசையில் குருநாதன் தட்டை இரண்டு கையாலும் நீட்டி, "கூத்தையாண்ணே, இன்னொரு கரண்டி" என்பார். மலேரியாவில் அவருக்குப் பல் கிட்டிக்கொண்டபோது, கரண்டிக் காம்பால் வாயைத் திறந்து கஞ்சி ஊற்றியதும் அந்த அண்ணன்தான்.

ஊர் திரும்பியதும் அண்ணன் 'ஏலே' ஆகிவிட்டான். காக்கிச் சட்டையைக் களையாமல் பால்சாமி டீக்கடைக்குப் போய் எல்லாரையும் போல ஒரு கிளாஸ் டீ கேட்டான். கீழத்தெருவுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுவதுதான் கடை வழக்கம். பட்டாளத்துக்காரன் ஆயிற்றே என்று பால்சாமி கொஞ்சம் தயங்கினான். கிளாசும் கையுமாக உள்ளே உட்கார்ந்திருந்த குருநாதன்தான், "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல, பால்சாமி" என்று தீர்த்து வைத்தார். அன்றைக்குக் குடிக்காமல் திரும்பிய கூத்தையா எட்டு வருஷமாக அந்தக் கடையில் டீ குடிக்கவில்லை.

"சரிங்கய்யா, வாரேன்" என்றான் கூத்தையா. குடை மறைந்ததும் முருகம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவாச்சும் அந்தக் கிளாசைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டு வாங்குனா அது அவரு குடுத்த கிளாசாயிரும்" என்றான் கூத்தையா.

மறுநாள் விசாரணை பால்சாமி கடையில்தான் நடந்தது. ஆபீசர் உட்காரத் தக்க பெஞ்சு ஊரில் அது ஒன்றே. ஆபீசர் ஹமீது சுல்தான் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முதுகெலும்பு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. மேலத்தெரு மொத்தமும் கடையைச் சுற்றி நிற்க, கூத்தையா வாசல் வேப்பமரத்தடியில் நின்றான்.

"இவரைத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

ஹமீது சுல்தான் பேனாவை மூடினார். "இந்த மாசத்துல இப்படி நாப்பது 'தெரியும்' கேட்டாச்சு. போதும், இனி நீங்க வாயைத் திறக்க வேணாம். குருநாதன், நீங்க சொல்லுங்க. உங்க கம்பெனி லங்கர்ல சமைச்சது யாரு?"

குருநாதனுக்கு டீ புரையேறியது. "கேப்டன் துரை பேரைக் கேளுங்களேன். நல்லாத் தெரியும்."

"துரை பேரை எவன் வேணும்னாலும் நெட்டுருப் போட்டுட்டு வந்துருவான். சோறு போட்டவன் பேரு கூட இருந்தவனுக்குத்தான் தெரியும். பெயர்ப் பட்டியல் என் கையில இருக்கு. சொல்லுங்க."

"நான் வந்து... தனிப்பானையில பொங்கித் தின்னவன்."

மேலத்தெரு பெருமையாகத் தலையாட்டியது.

"பட்டாளத்துலயா?" ஆபீசர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். "நான் பதினெட்டு வருஷம் இருந்தேன். தனிப்பானை வச்சிருந்த ஒருத்தனையும் பாத்ததில்ல. அப்ப நீங்க பட்டாளத்துலயே இல்ல." ஃபைலை மூடி நாடாவை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவது விழுந்தால் அஞ்சு ஏக்கரும் போய்விடும். குருநாதன் பெரியவர்களைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார், மறுபடி நாடாவைப் பார்த்தார்.

"கூத்தையா" என்றார், கட்டெறும்புக்குக் கேட்கிற குரலில்.

"சத்தமா."

"கூத்தையா!"

"எந்தக் கூத்தையா?"

குருநாதனின் விரல் வேப்பமரத்தைக் காட்டியது.

"எத்தனை காலம் இவர் கையில தின்னீங்க?"

"மூணு வருஷம்" என்றவர், யாரும் கேட்காமலே, "கஞ்சி தனி" என்றும் சொல்லிவிட்டார்.

'அடையாளம் சரி' என்று எழுதி முடித்ததும் ஹமீது சுல்தான் எழுந்து போய்க் கூத்தையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாங்க லங்கர்காரரே, உள்ள வந்து உக்காருங்க. எனக்கும் இவருக்கும் ரெண்டு டீப்பா."

பழக்கத்தில் பால்சாமியின் ஒரு கை கிளாசுக்கும் மறு கை சிரட்டைக்கும் போனது.

"பால்சாமி," என்றான் கூத்தையா. "என் கையில மூணு வருஷம் தின்ன வாயி எட்டு வருஷமா உன் கிளாசுல குடிக்குது. அதே கிளாசுலதான் மேலத்தெரு பூராவும் குடிக்குது. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் வயிறு வலிச்சதாத் தெரியல. எனக்கும் அதுல ஒண்ணு குடு."

பால்சாமி யோசித்து, "பால் தீந்துருச்சு" என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

ஹமீது சுல்தான் சிரட்டையைப் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு, டீ குடிக்காமலே இறங்கிப் போனார்.

அன்றே மேலத்தெரு கூடிப் பேசியது. கூத்தையாவுக்கு ஒரு கிளாஸ் கொடுப்பதைவிடக் கடையிலுள்ள பன்னிரண்டு கிளாசையும் வீசிவிட்டுப் புதுசு வாங்குவது சுலபம் என்று பெரியவர்கள் கண்டுபிடித்தார்கள். குருநாதன் ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் இருக்கிற இருபத்திரண்டு தீர்த்தத்தையும் தலையில் ஊற்றிக்கொண்டு வரவேண்டும். அதுவரை கடையில் அவருக்கும் சிரட்டைதான். அவர் குடித்த கிளாசில் குடித்த மற்றவர்கள் என்ன செய்வது என்ற பேச்சு மட்டும் எழவில்லை. எல்லாரும் ராமேஸ்வரம் போய்விட்டால் மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் வேண்டாமா?

குப்பைமேட்டில் கிடந்த பன்னிரண்டு கிளாசையும் முருகம்மாள் கூடையில் பொறுக்கி வந்து சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பத்தாம் நாள், ஊருக்குப் பக்கத்து உச்சிப்புளி ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கீற்றுக் கொட்டகை முளைத்தது. பலகையில் சுண்ணாம்பால் 'லங்கர்' என்று எழுதியிருந்தது. ராமேஸ்வரம் போகிற வடக்கத்தி யாத்ரீகர்களும், மீன்கூடைக்காரிகளும், போர்ட்டர்களும் குடித்தார்கள். எவரும் எவர் தெருவையும் கேட்கவில்லை. ரயில் அவ்வளவு நேரம் நிற்காது.

இரண்டு வாரம் சிரட்டையில் குடித்துப் பார்த்த பிறகுதான் குருநாதன் தீர்த்தமாடக் கிளம்பினார். மறுநாள் மத்தியான ரயிலில் உச்சிப்புளியில் வந்து இறங்கினார். தலை ஈரம் காயவில்லை, நெற்றி நிறைய விபூதி. பாம்பன் காற்றில் தொண்டை உப்புக் காகிதமாகியிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரே ஒரு டீக்கடை. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஊர்க்காரன் எவனும் இல்லை.

"ஒரு டீ" என்றார், பெயர் சொல்லாமல்.

கூத்தையா பன்னிரண்டில் தேடி, விளிம்பு உடைந்த ஒன்றை எடுத்தான். எட்டு வருஷமாகக் குருநாதன் குடித்த கிளாஸ் அது. இஞ்சி தட்டிப் போட்டு ஊற்றிக் கொடுத்தான். குருநாதன் குடித்தார். ஒரு மிடறு இறங்கியதுமே கண்ணை மூடிக்கொண்டார். அரக்கானில் மழைக்குள் நின்று குடித்த அதே டீ.

கிளாஸ் காலியானது. கை தன்பாட்டுக்கு நீண்டது, ஒரு கை அல்ல, இரண்டும்.

"இன்னொண்ணு, கூத்தையாண்ணே."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. கூத்தையா கிளாசை விளிம்பு வரை நிரப்பினான்.

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த முருகம்மாள் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"பைய குடிங்கய்யா, அவசரமில்ல. ராமேசுரத்துக்குத் திரும்பிப் போற ரயிலு அஞ்சு மணிக்குத்தான்."