இறக்க இடம் தெரியாத வண்டி

வீட்டுச் சாமான் ஏற்றிய வண்டி நடுத்தெருவில் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி நின்றது. எங்கே இறக்குவது என்று ஓட்டுநர் கேட்டதற்கு மீன்காரன் "கொஞ்சம் பொறுங்க, இன்னும் முடிவு பண்ணல" என்றதும்தான் அது நடந்தது. மீன்காரன் என்பது தெருவில் வைத்த கேலிப் பெயர். அவன் மீன் விற்றவனில்லை. தொட்டிகளில் சின்னஞ்சிறு வரி மீன்களை வளர்த்து, முட்டைக்குள் இதயம் எப்படி உருவாகிறது என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தான். அந்த மீன்கள் விடிந்த கையோடு முட்டையிடும். எடுக்க ஆள் இல்லையென்றால் தாய்மீனே தின்றுவிடும். ஆகவே ஆய்வகத்தை ஒட்டிய ஒற்றை அறைக் குடியிருப்பு அவனுக்கு வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திய அவன் மனைவிக்கோ பிரசவ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரின் மறுகோடியில், அவளுடைய அக்கா வீட்டுக்கு எதிரே காலியாக இருந்த வீடு அவளுக்கு வேண்டும். அங்கிருந்து முதல் பேருந்தைப் பிடித்தாலும் ஆய்வகம் வந்து சேர வெயில் ஏறிவிடும்.

வேறு யாராவது என்றால் சண்டை போட்டு, ஒருவர் விட்டுக்கொடுத்து, விஷயம் முடிந்திருக்கும். தரவு போதாமல் எதையும் முடிவு செய்வது மீன்காரனுக்குப் பழக்கமில்லை. இரண்டு வீட்டிலும் போய் இரைச்சலை அளந்தான். தண்ணீர் வரும் நேரம் பார்த்தான். மழையில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை பேருந்தில் போய்வந்தான். "இன்னொரு வாட்டி பாத்துடலாம்" என்று அவன் சொல்லும்போதெல்லாம் வண்டி இன்னும் கொஞ்சம் மேலே போனது. ஓட்டுநர் ஆளுயரத்திலேயே குதித்து இறங்கி, முடிவானதும் கூப்பிடச் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போனார். மனைவி மட்டும் வண்டியில் ஏற்றியிருந்த கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். எதிர்மாடி ஜன்னலிலிருந்து பலகை போட்டுப் பள்ளிக்கூடம் போய்வந்தாள். வண்டி மாடியையும் தாண்டியதும் விடுப்பு போட்டாள். சாப்பாடு கூடையில் கயிறு கட்டி ஏறியது. தெருக்காரர்கள் வண்டியின் நிழலில் சைக்கிள் நிறுத்தப் பழகிக்கொண்டார்கள்.

வலி எடுத்தபோது வண்டி எந்த ஏணிக்கும் எட்டாத உயரத்தில் இருந்தது. மீன்காரன் வண்டியை அண்ணாந்து பார்த்து, "அக்கா வீட்டுப் பக்கமே போயிடலாம், இறங்கு" என்று கத்தினான். வண்டி அசையவில்லை. பயத்தில் சொன்னது முடிவில்லை என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. மேலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது, குரல் மட்டும் வகுப்பறைக் குரல்.

"நீங்க எங்க இருக்கணும்னு நீங்களே பாத்துக்குங்க. நான் எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியும்."

சொன்னதுதான் தாமதம், வண்டி கூரைகளுக்கு மேலே மறுகோடியைப் பார்த்து நகர ஆரம்பித்தது. அவன் கீழே தலைதெறிக்க ஓடினான். இனி அவள் வீட்டில் தனக்கு இடமிருக்காதோ என்ற பயம் தவிர வேறு கணக்கு எதுவும் மனதில் இல்லை. அவன் போய்ச் சேர்ந்தபோது வண்டி தரையில் நின்றது. பெண் குழந்தை பிறந்து அழுதுகொண்டிருந்தது. அக்கா வண்டியின் பின்பக்கத்தை மறித்து நின்றாள்.

"நீங்க எங்க தங்கப் போறீங்க?"

"இங்கதான்."

"விடியறதுக்குள்ள மீன்கிட்ட போய்ச் சேர முடியாதே?"

"முடியாது" என்றான்.

அப்போதுதான் அவன் கால் தரையில் பட்டது. எல்லோரும் வண்டியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததில், இத்தனை நாளும் அவன் ஒரு சாண் உயரத்தில் நடந்ததை யாரும் கவனிக்கவில்லை. அக்கா குனிந்து அவன் பாதங்களைப் பார்த்தாள். தாயும் பிள்ளையும் கட்டிலிலேயே இருந்தார்கள்.

"சரி, அந்தப் பக்கத்தைப் பிடிங்க" என்றாள். "மெதுவா."