மணலுக்குள் தூங்கும் மீன்

1

இந்தக் கதை ஒரு கால்சட்டையால் வந்தது. வாங்கியது நீளமாகிப் போனதால், துணிகளைப் பிரித்துத் தைத்துத் தரும் கடைக்கு இன்று காலை எடுத்துக்கொண்டு போனேன். கடையை நடத்தும் அம்மாள் என் காலடியில் உட்கார்ந்து, வாயில் நாலு குண்டூசியைக் கவ்வியபடி துணியை மடித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று நிமிர்ந்து, "நீங்க கதை எழுதுறவங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துத் துணியில் குத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். ஒரு கால் மடிந்தும் ஒரு கால் மடியாமலும் நின்றுகொண்டே கேட்டேன்.

முடிவை மட்டும் அவர் சொல்லவில்லை. முடிவு இன்று மாலைதான் நடக்க வேண்டும்.

"நீங்களே சொல்லுங்க. நான் போய் என்ன பேசட்டும்?"

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். "நீங்க யோசிக்கிறதுக்குள்ள ஆஸ்பத்திரியில பாக்குற நேரம் முடிஞ்சுரும்" என்று சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று: "நீலக் கடல் அவர்கள் வீட்டு முன்னறையில் நாலடி நீளத்துக்கு..."

அடித்துவிட்டேன். மீன் விற்பவர்கள் போடும் விளம்பரம் மாதிரி இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: "மரணம் என்பது..."

வேண்டாம். இப்படி ஆரம்பிக்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

தொடக்கம் மூன்று: "ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக் கதவுகள்மேல் நம்பிக்கை கிடையாது."

இது பரவாயில்லை. இதிலேயே போவோம். (கடையில் நான் 'அவர்' என்று எழுதிய அம்மாள் இனி 'அவள்' ஆகிவிடுவாள். மரியாதைக் குறைவு இல்லை. 'அவர்' என்று சொன்னால் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது. கிட்டே போய் உட்கார முடியவில்லை.)

3

ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக் கதவுகள்மேல் நம்பிக்கை கிடையாது. மூடியதுபோலத் தெரியும் கதவைக் கையால் அழுத்திப் பார்த்த பிறகுதான் அவள் கணவர் நகர்வார். வாசற்கதவு, அடுப்பின் திருகு, அவளுடைய கைப்பையின் ஜிப், எதுவும் தப்பாது. "என்னங்க, என் பையையாவது விட்டுவைங்களேன்" என்பாள். அதற்கும் சிரித்துக்கொண்டே ஜிப்பை இழுத்துப் பார்ப்பார்.

ஏதோ ஒரு ஹோட்டலில் லிஃப்டைப் பழுதுபார்க்கப் போன இடத்தில், வரவேற்பறையில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. முன்னறையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. உப்பு கலப்பதும், சூடு பார்ப்பதும், பம்பைக் கழற்றித் தேய்ப்பதுமாக விடுமுறை நாள் முழுவதும் ஓடிவிடும். "உப்புத் தண்ணிக்கு இவ்வளவு சேவை செய்யுறீங்களே, எனக்கு ஒரு டம்ளர் நல்ல தண்ணி எடுத்துக் குடுத்திருக்கீங்களா?" என்று அவள் கேட்டதுண்டு. உடனே எடுத்துக் கொடுத்தார். மறுநாள் மறந்துவிட்டார்.

தொட்டியில் 'ராஸ்' என்று சொல்கிற வகையில் இரண்டு மீன்கள். விரல் நீளம்தான், சும்மா இருக்கத் தெரியாத மீன்கள். ஒன்று மஞ்சள். இன்னொன்று சிவப்பு, துடுப்பை விரித்து, புது வேட்டி கட்டியவன்போல விறைப்பாகத் திரிந்ததால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்.

மஞ்சள் மீன் வந்த முதல் மாலையே காணாமல் போயிற்று. செத்துவிட்டதென்று அவள் அழுதே விட்டாள். மணலைக் கிளறிப் பார்க்கக் கையைக்கூட விட்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மணலுக்கடியில தூங்குது. கிளறாத. தானா வரும்." மறுநாள் மணலைப் பிளந்துகொண்டு ஒரு மஞ்சள் மூக்கு எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து அது தலைகீழாக மணலுக்குள் பாய்வதைப் பார்க்காமல் அவளுக்கு மாலை முடியாது. மாப்பிள்ளை எங்கே படுக்கிறான் என்று அவள் பார்த்ததில்லை. விளக்கு அணைந்த பிறகு அவன் கண்ணில் படமாட்டான். அவனும் மணலுக்குள்தான் என்று நினைத்துக்கொண்டாள். ஒரே வகை மீன்தானே, வேறெப்படி நினைப்பாள்?

தொட்டிக்கு மேலே ஒரு வலைமூடி. சட்டத்தை அவர் அடித்தார், வலையை அவள் தைத்தாள். நாலு மூலையிலும் நாலு கொக்கி. "இந்த மீனுங்களுக்கு ஒரு விரக்கடை சந்து போதும், வெளிய குதிச்சுரும்" என்று கொக்கிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார்.

4

அவருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். (எப்படி, எத்தனை மாதம், எந்த டாக்டர் என்றெல்லாம் எழுதி வைத்திருந்த பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நோயைப் பற்றி உங்களுக்கே தெரியும், எல்லார் வீட்டிலும் வந்து போகிறதுதான்.)

ஒரு நாள் காலை அவள் மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரி எண். மூடியைக் கவிழ்த்தாள், கொக்கியை மாட்டினாள், ஓடிப்போய் எடுத்தாள். மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டாராம், மாலையில் கொண்டுவர வேண்டுமாம். அவ்வளவுதான் செய்தி. அப்பாடா என்று கண்ணாடியைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அப்படியே கடைக்குப் போய்விட்டாள்.

மாட்டியது மூன்று கொக்கிதான்.

மாலை வீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை தொட்டிக்குப் பின்னால், தரையில் கிடந்தான். காய்ந்து, வளைந்து, சிவப்பெல்லாம் போய். லைனிங் துணியில் ஒரு துண்டு வெட்டி அதில் எடுத்தாள். பால்கனிப் பூந்தொட்டியில் குழி தோண்டினாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, கண்ணாடியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"மாப்பிள்ளை எப்படி இருக்கான்?"

"தூங்குறான்ங்க. மணலுக்குள்ள போயிட்டான். வெளிய வரவே மாட்டேங்குறான்."

அவர் உடனே பேசவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"மணல்லயா?"

"ஆமாங்க."

"சரி. கிளறாத. தானா வரும்."

5

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வருகிறது. ஒரு மீன் செத்ததைச் சொல்ல முடியாதா? இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அவ்வளவு பயமா? வாசகர்கள் நம்புவார்களா?

மடித்துக்கொண்டிருந்த கால்சட்டையை விட்டுவிட்டு அந்த அம்மாள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அவரு என்கிட்ட விட்டுட்டுப் போன ஒரே வேலை அந்தக் கொக்கிதாங்க."

நம்பிவிட்டேன்.

ஒரு பொய்யோடு நின்றிருந்தால் இது சின்னக் கதையாக முடிந்திருக்கும். அடுத்த வாரம் டாக்டர் அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போய், "இனிமே வலி இல்லாம பாத்துக்கலாம்மா. அவ்வளவுதான் முடியும்" என்றார். வராந்தாக் குழாயில் முகம் கழுவிக்கொண்டாள். உள்ளே வந்தாள்.

"என்னவாம்?"

"மருந்து கேக்குதாம். கொஞ்ச நாள்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னாரு."

"சரி" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் முதல் கேள்வி ஒன்றுதான். "எழுந்துட்டானா?" "இன்னும் இல்லீங்க." "வருவான், வருவான்." பிறகு அவள் கொண்டுபோன பழத்தில் ஒரு துண்டைச் சாப்பிடுவார். வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்வார்: பம்பில் சத்தம் வருகிறது, பார்க்க வேண்டும்; உன் தையல் மெஷின் மிதிக்கு எண்ணெய் போட வேண்டும். அவளும் ஊம் கொட்டுவாள். மகளும் தொலைபேசியில் அழைப்பாள், அவளிடமும் அப்பா இதையே சொல்வார். (மகளுக்கு இந்தக் கதையில் வேறு வேலை இல்லை. மன்னித்துக்கொள்ளட்டும்.)

இடையில் ஒரு குறிப்பு: இந்த ராஸ் வகையில், ஆண் மீன் செத்துப்போனால் பெண் மீன்களில் பெரியது நிறம் மாறி ஆணாகிவிடுமாம். எழுதுகிறவனுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் கை பரபரக்கும். கதையில் எங்காவது செருகி, அவளை அவர் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ள வைத்து... வேண்டாம். இங்கே ஒரு மனுஷி அழுதுகொண்டிருக்கிறாள், நான் வித்தை காட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

6

இன்று காலை கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை. அவரும் தொட்டிப் பைத்தியம்தான். கணவரை 'அண்ணன்' என்பார், அவளை 'அண்ணி' என்பார். அண்ணன் படுத்ததிலிருந்து, கடை திறக்கும் முன்பு வந்து தண்ணீர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார். நடுவில் ஊருக்குப் போயிருந்ததால் சில வாரங்கள் வரவில்லை. வாளியை இறக்கிவைத்துவிட்டுத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"சிவப்பு எங்க அண்ணி?"

"மணல்ல தூங்குது." பழகிப்போன நாக்கு.

அவர் சிரித்தார். "சிவப்பா? மணல்லயா? மஞ்சள்தான் அண்ணி மணல்ல படுக்கும். சிவப்பு பாறைச் சந்துல படுக்குறது. வாயிலேருந்து வழுவழுன்னு வழும்பை விட்டு, தன்னைச் சுத்தி கூடு மாதிரி கட்டிக்கிட்டு அதுக்குள்ள தூங்கும். செத்தாலும் மணலுக்குள்ள போகாது."

அவள் தொட்டியின் பாறைச் சந்தைக் குனிந்து பார்த்தாள்.

"அண்ணனைக் கேட்டுப் பாருங்க. எங்க எல்லாருக்கும் இதைச் சொல்லிக் குடுத்ததே அவர்தான். இதைப் பத்தி ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரே."

குழாயை வாளியில் போட்டுத் தண்ணீரை உறிஞ்சி இறக்க ஆரம்பித்தார் அவர். அவள் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "மயக்கமா அண்ணி?" என்று கேட்டார். "இல்ல தம்பி, நீங்க பாருங்க" என்றாள்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். அவள் சொன்னது பொருந்தவே இல்லை. சொன்ன நிமிஷமே கணவருக்குத் தெரிந்துவிட்டது, மாப்பிள்ளை செத்துவிட்டான் என்று.

7

நான்காம் பகுதிக்குப் போய் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். "அவர் உடனே பேசவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது" என்று எழுதியிருக்கிறேன். அவள் அப்படித்தான் நினைத்தாள், நானும் நம்பி எழுதினேன். அது மூச்சிரைப்பு இல்லை. தன் பெண்டாட்டி தன்னிடம் முதல்முறையாக ஒரு பொய் சொல்கிறாள், அதை என்ன செய்வது என்று அவர் யோசித்த நேரம் அது. யோசித்து, வாங்கிவைத்துக்கொண்டார்.

திருத்தவில்லை. அப்படியே கிடக்கட்டும். நீங்களும் ஒருமுறை ஏமாந்தது நல்லதுதான்.

கடையில் என் காலடியில் உட்கார்ந்து அவள் சொன்னது மீனைப் பற்றியே இல்லை. "அந்த 'சரி'ய ரெண்டு தடவை சொன்னாருங்க. மீனுக்கு ஒரு தடவை. வீட்டுக்குப் போலாம்னு நான் சொன்னதுக்கு ஒரு தடவை. ரெண்டும் ஒரே மாதிரிதான் சொன்னாரு."

அதனால்தான் கேட்கிறாள், என்ன பேசட்டும் என்று. மீன் செத்துவிட்டது என்று இன்றைக்கு ஒப்புக்கொண்டால், மற்றதையும் ஒப்புக்கொண்டது மாதிரி. ஒப்புக்கொள்ளாவிட்டால், தெரிந்த இரண்டு பேர் தெரியாத மாதிரி கடைசிவரை பம்பையும் தையல் மெஷினையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். தனியாக அவர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அழுவதற்கு ஆள் பக்கத்திலேயே இருந்தும், தனியாக.

8

முடிவு அ: அவள் உண்மையைச் சொல்கிறாள். அவர் அவள் தலையில் கைவைத்து, "தெரியும்மா" என்கிறார். இருவரும் அழுகிறார்கள். (அழகாக இருக்கிறது. ஆனால் அந்த நாடகம் அவருக்குத் தெம்பாக இருந்திருந்தால்? அவளைத் தாங்குகிறோம் என்ற ஒரு வேலை மிச்சமிருந்தது அவருக்கு. அதையும் பிடுங்கிக்கொள்கிறோமோ?)

முடிவு ஆ: "எழுந்துட்டானா?" "இன்னும் இல்லீங்க." இருவரும் பழம் சாப்பிடுகிறார்கள். (இதை எழுதி முடித்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். தாங்கவில்லை.)

முடிவு இ: அவள் போய்ச் சேர்வதற்குள் கட்டில் காலியாக

இல்லை. அந்தக் காரியத்தை நான் செய்யமாட்டேன்.

முடிவு ஈ: "எழுந்துட்டான்" என்கிறாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கிறார். (இது ஏன் வந்தது என்று தெரியவில்லை. அடிக்கவும் மனம் வரவில்லை.)

வெளியே வெயில் இறங்கிவிட்டது. அவள் கடைக் கதவை இழுத்து மூடியிருப்பாள். பஸ் பிடித்திருப்பாள். அந்த அம்மாளுக்கு நான் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

9

ஆகவே நீங்கள் வாருங்கள். வார்டில் அவர் கட்டில் ஜன்னல் பக்கம். ஸ்டூல் கொஞ்சம் ஆடும், பார்த்து உட்காருங்கள். அவர் கை போர்வைக்கு வெளியே இருக்கிறது, பிடித்துக்கொள்ளலாம். சில்லென்று இருக்கும், பதறக் கூடாது. முகம் கழுவிவிட்டுத்தானே வந்தீர்கள்? பரவாயில்லை, அவருக்கு அதுவும் தெரியும்.

முதலில் பஸ் கிடைத்ததா என்பார். பிறகு கேட்பார்.

"எழுந்துட்டானா?"

அவர் காத்திருக்கிறார். மூச்சு வாங்குவதால் பேசாமல் இருக்கிறார் என்று மறுபடியும் நினைத்துவிடாதீர்கள். பதில் சொல்லுங்கள்.