அந்நியபாஷை

நத்தார் அன்று மத்தியானம் அம்மா தன் கைத்தொலைபேசியை மன்னார்த் தீவில் ஒரு சின்னத் தேவாலயத்தின் சன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, "வடிவாத் தெரியுதா பிள்ளை?" என்று கேட்டார். தெரிந்தது. நீலச் சுவர், காகித நட்சத்திரங்கள், பிளாஸ்டிக் கதிரைகளில் வியர்த்தபடி இருந்த சனங்கள். அங்கே பொழுது சாய்ந்து ஆராதனை தொடங்கப் போகிற நேரம். நான் நோர்வேயில், ட்வெய்ட்டாவில் அம்மா அப்பாவின் வீட்டில், அவர்களுடைய சோஃபாவில், குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் இருந்தேன். போகும்போது அம்மா ஹீட்டரை நிறுத்திவிட்டுப் போயிருந்தார். பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விடத்தான் வந்தேன். செடிகள் எப்போதோ செத்துவிட்டன.

"அப்பா சாப்பிட்டவரே?"

"ஓம், மீனும் சோறும். நீ என்ன சாப்பிட்டனீ?"

"பாண்."

"நத்தாரிலையும் பாண் தின்னவோ உன்னை இவ்வளவு படிப்பிச்சனாங்கள்?"

படிப்பித்தார்கள்தான். இரண்டு பக்கக் குடும்பத்திலும் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். மருந்தியல் படித்தேன், இப்போது ஒரு மருந்தகத்தில் வெள்ளைச் சட்டையோடு நிற்கிறேன். பட்டமளிப்புப் படம் இந்த வரவேற்பறையில்தான் தொங்குகிறது. வருகிற சபைச் சனம் எல்லாருக்கும் அதைக் காட்டுவார்கள். படத்தில் இருப்பவள் வாயைத் திறந்து ஒன்று சொன்னால் மட்டும் அது படித்த திமிர்.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அப்பாவுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது.

கோடையில் பியோர்ண்டாலில் நடந்த ஜெபக் கூட்டத்துக்குக் காரில் வெளிக்கிட்டவர், எதிர்த்திசையில் ஓடித் திராமன் என்ற வேறொரு நகரத்தில் ஆற்றங்கரையில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தார். பொலிஸ்காரன்தான் எனக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னான். வீதி வேலை நடந்தது, அதுதான் சுற்றிப் போனவர் என்றார் அம்மா. முப்பது வருடம் இந்த நகரத்தின் சுரங்க ரயிலை ஓட்டிய மனிதர். இலையுதிர்காலத்தில் குடும்ப வைத்தியரிடம் நான் இழுத்துக்கொண்டு போனேன். ஞாபகப் பரிசோதனைக்கு டிசம்பரில் நாள் கிடைத்தது. டிசம்பர் பிறக்குமுன் அம்மா அவரை விமானத்தில் ஏற்றிவிட்டார்.

எங்கள் சபையில் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சோடிகளை மூத்த ஊழியர்கள் என்று பேர் வைத்து, பண்டிகைக் காலத்தில் ஊரிலுள்ள சின்னச் சபைகளுக்கு அனுப்புவார்கள். நோர்வேக் கிழவர்கள் குளிருக்குக் கனாரித் தீவுக்குப் போகிறார்கள், எங்கள் ஆட்கள் மன்னார்த் தீவுக்கு. திரும்பி வந்து எங்கள் ஆட்கள் சாட்சி சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் வித்தியாசம்.

அப்பாவைப் போகவிடக்கூடாது என்று, பயணத்துக்கு முன் எங்கள் சபையின் பாஸ்டர் அல்பிரட்டின் வீட்டுக்கே போனேன்.

"தங்கச்சி, அறிவாலை எல்லாத்தையும் அளக்கேலாது. அப்பாவுக்குக் களைப்பு. ஊழியத்திலை நிண்டால் கர்த்தர் பெலன் தருவார்."

"பாஸ்டருக்குப் பல்லு வலிச்சா ஆரிட்டைப் போறனீங்கள்?"

அவர் சிரித்தார். "பல்லு வேறை."

மனைவி தேத்தண்ணீரோடு வந்தார். நான் குடிக்காமல் எழும்பி வந்தேன். அது பெரிய மரியாதைக் குறைவாம். இன்றைக்கும் அதைத்தான் கதைக்கிறார்கள்.

தொலைபேசியில் பாட்டு முடிந்தது. அந்தச் சபையின் பாஸ்டர் இந்திரகுமார், வெள்ளைச் சட்டை போட்ட இளம் ஆள், ஒலிவாங்கியைப் பிடித்தார். "நோர்வேயில் இருந்து வந்திருக்கிற எங்கடை குலசேகரம் ஐயா இப்ப ஜெபிப்பார்."

அப்பா முன்வரிசையிலிருந்து எழுந்தார். வெள்ளை வேட்டி. மெலிந்திருந்தார். கண்ணை மூடி வலது கையைத் தூக்கினார். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். பிறகு ஒன்றும் இல்லை. அந்த மௌனம் எனக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் உப்பு என்ற சொல்லைத் தேடும்போதும் அது வரும். அங்கே இருந்தவர்கள் அதை அபிஷேகம் என்று நினைத்துத் தலையைக் குனிந்தார்கள். சோஃபா நுனியில் இருந்து, அப்பா இருங்கோ, இருந்திடுங்கோ என்று கண்ணாடித் திரைக்குச் சொன்னேன்.

அப்பா வாயைத் திறந்தார்.

"நெஸ்தே ஸ்தஷூன், ஹெல்லெரூட்."

குரல் தெளிந்திருந்தது. பல மாதமாய் நான் கேட்காத குரல். "டோறனெ லுக்கெஸ்" என்றார். ரயிலில் ஒலிபெருக்கி பழுதானால் அடுத்த தரிப்பிடம் எது, கதவு எப்போது அடைபடும் என்று அவரே அறிவிப்பார், அந்த இழுத்த யாழ்ப்பாண நோர்வேஜியனில். பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் அதைப் பழித்துக் காட்டியதற்கு அவனுடைய மூக்கை உடைத்திருக்கிறேன். "நெஸ்தே ஸ்தஷூன், ட்வெய்ட்டா." நான் இருந்த இடம். "ஹௌகெரூட். துரோஸ்தெரூட்."

யாரோ ஒரு பெண் அல்லேலூயா என்று கத்தினாள். கதிரைகள் இழுபடும் சத்தம். சனம் எழுந்து நின்று கைகளை உயர்த்தியது. பாஸ்டர் இந்திரகுமார் அழுதுகொண்டே ஒலிவாங்கியில், "அந்நியபாஷை. ஆவியானவர் அந்நியபாஷையிலை கதைக்கிறார். வியாக்கியான வரம் பெற்றவை ஆரும் இருந்தால் சொல்லுங்கோ" என்றார்.

எங்கள் சபைகளில் அதுதான் முறை. ஒருவர் விளங்காத பாஷையில் பேசினால், இன்னொருவர் அதன் பொருளைச் சொல்ல வேண்டும்.

அம்மா எழுந்தார். முதுகுதான் எனக்குத் தெரிந்தது, மாம்பழ நிறச் சேலையும் ஒல்லிப் பின்னலும். கையைப் பிடித்து இருத்தப் போகிறார் என்று நினைத்தேன். அதே ரயிலில் எத்தனையோ வருடம் ஹோட்டலுக்குத் துப்புரவு வேலைக்குப் போய்வந்தவர் அம்மா. அப்பா என்ன சொல்கிறார் என்று அந்தக் கட்டடத்துக்குள் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"கதவுகள் அடைபடப் போகிறது என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்றார் அம்மா.

சனம் விம்மியது.

"லிண்டெபெர்க்" என்றார் அப்பா. "டோறனெ லுக்கெஸ். நெஸ்தே ஸ்தஷூன், ஃபூருசெட்."

"உள்ளே வரவேண்டியவர்கள் வந்துவிடுங்கள் என்கிறார். இன்னும் ஒரேயொரு தரிப்பிடம்தான் மிச்சம் இருக்கிறது என்கிறார்."

உண்மைதான். ஃபூருசெட்டுக்குப் பிறகு அந்தப் பாதையில் ஒன்றுதான் இருக்கிறது. கர்த்தரை எடுத்துவிட்டால் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இல்லை.

ஆராதனை முடிந்ததும் அம்மா தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். காற்றில் சேலைத் தலைப்பு திரையில் அடித்தது.

"அம்மா, அது நோஷ்க், அந்நியபாஷை இல்லை."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு எழும்பிச் சொல்லுறியளோ? வெக்கமா இல்லையோ?"

"காலமை கட்டிலிலை இருந்துகொண்டு என்னை இறங்கச் சொன்னவர். கடைசி ஸ்டேசனாம். நானும் இறங்கித்தான் நிண்டனான்." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "தமிழ் குறைஞ்சுகொண்டு போகுது பிள்ளை."

இரண்டாவது மொழிதான் முதலில் போகும் என்று படித்திருக்கிறேன். அப்பாவிடம் கடைசியில் மிஞ்சப் போவது வேலைதான் போலிருந்தது.

"கூட்டிக்கொண்டு வாங்கோ. திரும்ப நாள் எடுக்கிறன். மருந்து இருக்கு அம்மா, நானே குடுக்கிற மருந்து."

"குடுத்தால் மாறுமோ?"

நான் மருந்தகத்தில் எல்லாருக்கும் சொல்கிற பதிலைத்தான் சொல்ல முடிந்தது. "மாறாது. மெல்லமாக்கும்."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

அம்மா தலையாட்டினார். "ஏப்ரல் வரைக்கும் இஞ்சை நிக்கச் சொல்லிக் கேட்டவை. ஓம் எண்டிட்டம்."

"அம்மா!"

"கத்தாதை. அங்கை வந்தால் அவர் வருத்தக்காரன். கொம்யூன் நகரசபையிலை இருந்து ஒருத்தி வந்து உடுப்புக் கழட்டிக் குளிப்பாட்டுவாள். சபையிலை பாவம் பாவம் எண்டு சொல்லிப்போட்டு, பிறகு எங்களைக் கூப்பிடமாட்டினம். அந்தச் சனத்தை எனக்குத் தெரியாதோ? நானும் அப்பிடித்தானே இருந்தனான். இஞ்சை அவற்றை கையைப் பிடிச்சுக் கண்ணிலை ஒத்துதுகள்."

"பொய்யுக்கு ஒத்துதுகள்."

"அப்ப நீ உண்மையைச் சொல்லு. பாஸ்டர் இந்தா நிக்கிறார்."

அம்மா சத்தத்தைக் கூட்டித் தொலைபேசியைத் திருப்பினார். இந்திரகுமாரின் முகம் வந்தது. கண்கள் இன்னும் ஈரமாக இருந்தன. என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாகத்தான் இருக்கும்.

"வணக்கம் அக்கா. நீங்கள் குடுத்துவைச்சனீங்கள், இப்பிடி ஒரு அப்பா."

சொல்ல வேண்டியது எல்லாம் ஆயத்தமாக இருந்தது. அது ரயில் பாதை, தம்பி. மூளை சுருங்குகிறது, தம்பி. யாருக்கும் பயந்து நான் வாயை மூடியதில்லை. அவருக்குப் பின்னால் அப்பா தெரிந்தார். நேராக நின்றார், தோளை நிமிர்த்தி, சீருடையில் நிற்கும்போது நின்றதுபோல.

"ஓம்" என்றேன்.

பிறகு, "அப்பா" என்று கூப்பிட்டேன். அப்பா குரலைத் தேடி நிமிர்ந்து, கூரையில் இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தார்.

அம்மா உள்ளே போனார். தொலைபேசியைப் பழைய சன்னலில் வைத்தார். அழைப்பை நிறுத்த மறந்துவிட்டார், அல்லது மறக்கவில்லை. அப்பாவைக் கதிரையில் இருத்தினார்கள். சனம் வரிசையாக வந்து அவர் முன்னால் முழங்காலிட்டது. அவருடைய கை தானாக எழும்பவில்லை. ஒவ்வொரு முறையும் அம்மாதான் அதை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, ஒரு தலையில் வைத்து, எடுத்து, அடுத்த தலையில் வைத்தார். காய்ச்சல் பிள்ளையோடு ஒரு தாய் வந்தாள். வலை இழுக்கிற தடித்த கைகளோடு ஒருவர் வந்தார். நான் திரையில் விரலை வைத்துக்கொண்டு நிறுத்தாமல் இருந்தேன்.

வரிசை முடிந்தது. கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். மின்விசிறியை யாரோ நிறுத்த, நட்சத்திரங்கள் ஆடுவது நின்றது. அம்மா வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்ல, ஒரு கையால் கதிரையைப் பிடித்தபடி முழங்காலில் இறங்கி, அப்பாவின் கையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, பிடியை விட்டார். கை விழவில்லை. விரல்கள் விரிந்து வகிட்டின்மேல் மெல்ல அசைந்தன. அப்பா முன்னால் இருந்த வெறுஞ்சுவரைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.