பெட்டியின் கீழ்ப்பாதி

இயக்கத்தின் ஆளான தேவதாசன், சவப்பெட்டியின் மேல் கொடியின் மூலையை இழுத்துச் சமப்படுத்தினார். அஜிதாவின் அப்பா யோசெப்பின் முகமும் செபமாலை சுற்றிய கைகளும் வெளியே தெரிந்தன. இடுப்புக்குக் கீழே மூடியிருந்த பாதிப் பெட்டியைச் சிவப்புக் கொடி மறைத்தது.

"வன்னியிலையிருந்து ஃபாக்ஸ் கடிதம் வந்திட்டுது, பிள்ளை. தலைமை அப்பாவை நாட்டுப்பற்றாளர் எண்டு அறிவிச்சிருக்கு."

அஜிதா தலையாட்டினாள். முதல்நாள் கொடி போர்த்தலாமா என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது சம்மதித்தவள் அவள்தான். அப்பா டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிவிட்டு வந்து, மெத்ரோ ரயில் நிலைய வாசலில் பனிக்குள் நின்று இயக்கத்தின் கலண்டர் விற்றவர். மறுக்கும் எண்ணமே வரவில்லை. மாமியின் நினைவும் வரவில்லை.

அக்னெஸ் மாமி அப்பாவின் தங்கை. மன்னாரிலிருந்து வந்து ஐந்து மாதம். அவளுடைய ஒரே மகன் றொக்சனை, வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் கொண்டுபோனது. நாற்பதாம் நாள் இதே மாதிரிக் கொடி போர்த்திய பெட்டியில் திருப்பிக் கொடுத்தது. பெட்டி ஆணியடித்து மூடப்பட்டிருந்தது.

இப்போது மாமி மண்டபத்தின் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ளுக்கு வாங்கோ மாமி. இன்னும் அரை மணித்தியாலத்திலை பெட்டியை மூடிப்போடுவினம்."

"ஏன் பாதியை மூடி வைச்சிருக்கினம்?"

"இஞ்சை எல்லாரையும் இப்பிடித்தான் வைக்கிறவை."

"அண்ணையின்ரை காலைக் காட்டச் சொல்லு. பேந்து வாறன்."

அஜிதா தேவதாசனிடம் போய்ச் சொன்னாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"போர்த்தினதை உடனை எடுக்கிறது மரியாதையில்லை. சனம் பாத்துக்கொண்டிருக்கு. நாளைக்கு உங்கடை அம்மாவைத்தான் கதைப்பினம்."

"வேண்டாமெண்டால் நேற்றே சொல்லியிருக்கலாம்," என்று பின்வரிசையில் இருந்த உறவுக்காரி மாக்கிரட் முணுமுணுத்தாள்.

"கோயில் வாசல்லை பாதர் எப்பிடியும் எடுக்கச் சொல்லுவார், அண்ணை," என்றாள் அஜிதா. "வெள்ளைத் துணியோடைதான் உள்ளுக்கு விடுவார். அதை இப்பவே எடுத்தால் என்ன?"

"அது கோயில் முறை. இது வேறை."

"மாமி றொக்சனைப் பாக்கேல்லை. பெட்டியைத் திறக்க விடேல்லை. உங்கடை ஆக்கள்தான் விடேல்லை."

தேவதாசன் வாசலைப் பார்த்தார். மாமியின் சப்பாத்தில் ஒட்டியிருந்த பனி உருகிக் கம்பளத்தை நனைத்திருந்தது.

அம்மா சிசிலி, கதிரையிலிருந்தபடியே சொன்னாள். "எடுங்கோ தேவதாசன். அவர் கோவிக்கமாட்டார்."

அவர் கொடியின் ஒரு முனையைத் தூக்கினார்.

"அந்த முனையைப் பிடி, பிள்ளை. நிலத்திலை முட்டக்கூடாது."

இருவரும் மடித்தார்கள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவரே மண்டபத்து ஊழியரிடம் போய், உடைந்த பிரெஞ்சில் கீழ்மூடியைத் திறக்கச் சொல்லிக் கேட்டார். அந்த மனிதர் காரணம் எதுவும் கேட்காமல் வந்து திறந்துவிட்டு, ஒதுங்கி நின்றார்.

மாமி வந்தாள். அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. காற்சட்டையின் மேலாகத் தொடையைத் தொட்டாள், முழங்காலைத் தொட்டாள், மற்றக் காலையும் அப்படியே தடவிக்கொண்டு கீழே போனாள்.

அப்பாவுக்குச் சப்பாத்து இல்லை. கொடுத்தனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. கறுப்புக் காலுறைகளில் ஒன்றின் குதி மேற்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. மாமி அதைக் கழற்றினாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு குதியைச் சரியாக வைத்து, மெல்ல மெல்ல மேலே இழுத்து மாட்டிவிட்டாள்.